கிளவுட் பில்லில் புரியாத கட்டணம்: சப்போர்ட்டுடன் வாதாடிய அனுபவம்

இணையவழியே சர்வர்களை வாடகைக்குத் தரும் ஒரே கிளவுட் நிறுவனத்தில் பல ஆண்டுகளாக சர்வர்கள் வைத்திருக்கிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, சொல்லவிருப்பதில் பெரும்பகுதி எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். வேகத்திலும் நிலைத்தன்மையிலும் எனக்குக் குறையில்லை. டாஷ்போர்டு தெளிவு, ஆவணங்களும் நன்றாக எழுதப்பட்டவை. பில்லில்தான் தகராறு வந்தது. அனுபவப் பகிர்வுகளில் எல்லாரும் பிராசசர், டிஸ்க் வேகம் என்று அளந்து எழுதுகிறார்கள். தவறான கட்டணம் வந்தால் யாரிடம் போய் எப்படிப் பேசுவது என்பதை யாரும் எழுதுவதில்லை. அதனால் இங்கே அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு புராஜெக்டைச் சோதித்துப் பார்க்க குபெர்நெட்டிஸ் கிளஸ்டர் ஒன்றை, அதாவது செயலிகளைத் தானாக நிர்வகித்து ஓட்டும் சர்வர் தொகுப்பு ஒன்றை, உருவாக்கினோம். வேலை முடிந்ததும் டாஷ்போர்டிலேயே டெலிட் கொடுத்தோம். கிளஸ்டரும் அதைச் சார்ந்த வளங்களும் நீக்கப்பட்டன என்று நிறுவனத்திடமிருந்து மெயிலும் வந்தது. அடுத்த மாத பில் வழக்கத்தைவிட நன்றாகவே ஏறியிருந்தது.

பில்லின் முதல் பக்கத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. 'நெட்வொர்க் சேவைகள்' என்று ஒரு மொத்தத் தொகை, அவ்வளவுதான். விரிவான பயன்பாட்டு அறிக்கையைத் தரவிறக்கிப் பார்த்தபோதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது: லோட் பேலன்சர் (வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தளிப்பது), 2232 மணி நேரம். 31 நாள் மாதத்துக்கு 744 மணி நேரம். 2232-ஐ 744-ஆல் வகுத்தால் மிகச்சரியாக 3. அதாவது மூன்று லோட் பேலன்சர்கள் மாதம் முழுக்க ஒரு நிமிடம் கூட நிற்காமல் ஓடியிருக்கின்றன. புரியாத பில் வந்தால் முதலில் செய்ய வேண்டியது இந்த வகுத்தல் கணக்குதான் என்பேன். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ ஏதோ ஒன்று மாதம் முழுக்கச் சும்மா ஓடியிருக்கிறது. வகுபடாவிட்டால் நடுவில் தொடங்கியது அல்லது நின்றது. அந்தத் தேதியைத் தேடினால் காரணமும் கிடைத்துவிடும். தேடும்போது பில்லில் உள்ள நேரம் பெரும்பாலும் யூடிசி, அதாவது உலகப் பொது நேரக் கணக்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும். மாதம் மாறும் சமயத்தில் சில மணி நேரத்துக்கு உங்கள் கடிகாரமும் அவர்களுடைய கடிகாரமும் வெவ்வேறு மாதத்தைக் காட்டும்.

அந்த மூன்றும் எங்கிருந்து வந்தன? குபெர்நெட்டிஸில் ஒரு சர்வீஸை (செயலியை அணுகும் வாசலை) லோட் பேலன்சர் வகையாக அறிவித்தால், கிளஸ்டருக்குள் இருக்கும் கன்ட்ரோலர் என்ற நிர்வாக நிரல், கிளவுட் நிறுவனத்தின் ஏபிஐயை (நிரல்கள் கட்டளை அனுப்பும் வழியை) அழைத்து, வெளியே தனியாக ஒரு லோட் பேலன்சரை உருவாக்கிக்கொள்ளும். டேட்டாபேஸுக்கு டிஸ்க் கேட்டாலும் அப்படித்தான், தனி வால்யூமாக, அதாவது தனிச் சேமிப்பு டிஸ்காக, உருவாகும். சர்வீஸை நீக்கும்போது அதே கன்ட்ரோலர் போய் அவற்றையும் அகற்றும். கிளஸ்டரையே மொத்தமாக நீக்கினால், துப்புரவு செய்ய வேண்டிய அந்தக் கன்ட்ரோலரும் சேர்ந்து போய்விடுகிறது. லோட் பேலன்சரும் வால்யூமும் அப்படியே நின்று கட்டணம் சேர்த்துக்கொண்டிருக்கும். பல நிறுவனங்களிலும் உள்ள சிக்கல் இது. போதாக்குறைக்கு, இப்படி உருவாகும் லோட் பேலன்சருக்குப் பெயர் ஒரு நீண்ட எழுத்து எண் கோவை. பட்டியலில் பார்த்தால் எந்தக் கிளஸ்டரைச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் சாட்டில் கேட்டேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவரால் எந்தத் தொகையையும் மாற்ற முடியாது, டிக்கெட் (எழுத்துப்பூர்வமான புகார்) போடச் சொன்னார். டிக்கெட்டுக்கு வந்த முதல் பதில் எல்லாருக்கும் போகும் பதில்: பயன்பாடு சரியாகப் பதிவாகியுள்ளது, விலைப் பட்டியலைப் பார்க்கவும், பட்ஜெட் அலர்ட் (செலவு குறித்த தொகையைத் தொட்டால் வரும் எச்சரிக்கை மெயில்) வைத்துக்கொள்ளவும். நான் கேட்டது அதுவல்ல. லோட் பேலன்சர் ஓடியதா என்று நான் கேட்கவே இல்லை. நீக்கிவிட்டோம் என்று நீங்களே மெயில் அனுப்பிய பிறகு அது ஏன் ஓடியது என்பதுதான் கேள்வி.

அப்போதுதான் உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று புரிந்தது. முதலில் பதில் எழுதுபவருக்குப் பணத்தைத் திருப்பும் அதிகாரம் கிடையாது. ஒப்புதல் தருபவர் வேறொரு குழுவில் இருக்கிறார், நம்முடன் அவர் பேசவே மாட்டார். அவர் பார்ப்பது டிக்கெட்டில் உள்ள எழுத்தை மட்டும்தான். ஆகவே முன்பின் தெரியாத ஒருவர் அதை மட்டும் படித்து முடிவெடுக்கும்படி டிக்கெட் இருக்க வேண்டும். 'திடீரென்று பில் ஏறிவிட்டது, தயவுசெய்து உதவுங்கள்' என்று எழுதினால் அது இரக்கம் கேட்கும் கடிதம். அதற்கு இரக்கம் காட்டும் அளவுக்குத்தான் பதில் வரும்.

இரண்டாவது டிக்கெட்டை வேறு மாதிரி எழுதினேன். முதல் வரியிலேயே இன்வாய்ஸ் எண், மறுக்கும் தொகை, எனக்கு என்ன வேண்டும் என்பது. அடுத்து மூன்று லோட் பேலன்சர்களின் அடையாள எண்கள், அவற்றுடன் இருந்த ஐபி முகவரிகள், வால்யூம்கள். பிறகு நேர வரிசை, யூடிசியில்: கிளஸ்டர் உருவான நேரம், டெலிட் கோரிக்கை ஆக்டிவிட்டி லாகில் பதிவான நேரம், அவர்களுடைய மெயில் வந்த நேரம், அதற்குப் பிறகும் கட்டணம் ஓடிய காலம். அவர்களுடைய மெயில் வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டேன். கடைசியாக, மூன்று லோட் பேலன்சர்களிலும் அந்த மாதம் முழுக்கப் பயனர் டிராஃபிக் இல்லை என்பதைக் காட்டும் கண்காணிப்பு வரைபடம். கோபமாக ஒரு வார்த்தை எழுதவில்லை. தேவையும் இருக்கவில்லை.

இந்த முறை பதில் எழுதியவர் வேறொருவர். நல்லெண்ண அடிப்படையில், ஒருமுறை மட்டும், தொகையில் பாதியைக் கிரெடிட்டாகத் தருகிறோம் என்றார். பலர் இங்கே நன்றி சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். நான் ஏற்கவில்லை. காரணம் அந்த 'ஒருமுறை' என்ற சொல்லாட்சி. சலுகையாக வாங்கிக்கொண்டால் நம் கணக்கில் சலுகை பெற்றதாகக் குறிப்பு ஏறும், நாளை உண்மையாகவே சலுகை தேவைப்படும் நாளில் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்பார்கள். இது சலுகை கேட்கும் விஷயமும் அல்ல. நீக்கிவிட்டோம் என்று எழுத்தில் சொன்ன பொருளுக்கு வாங்கிய கட்டணம். எனவே இதைப் பில் திருத்தமாகக் கருத வேண்டும், மறுப்பதாக இருந்தால் எந்த விதியின்படி என்று குறிப்பிட வேண்டும், பில்லிங் குழுவின் மேற்பார்வையாளருக்கு அனுப்ப வேண்டும் என்று சுருக்கமாக எழுதினேன். சற்று நாள் இழுத்தது. முழுத் தொகையும் திரும்பக் கிடைத்தது.

கிரெடிட்டா ரீஃபண்டா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ரீஃபண்ட் கார்டுக்குத் திரும்பும். கிரெடிட் வருங்கால பில்லில்தான் கழியும், பெரும்பாலும் அதற்குக் காலாவதித் தேதி உண்டு, சில சேவைகளுக்குச் செல்லாது என்றும் வைத்திருப்பார்கள். வரியோடு பில் கட்டுபவர்கள் கிரெடிட் நோட்டும் (பில் தொகை குறைக்கப்பட்டதற்கான ஆவணம்) கேட்டு வாங்க வேண்டும்; கிரெடிட் நோட் இல்லாவிட்டால் கணக்கு எழுதும்போது அந்த வரித்தொகை அந்தரத்தில் நிற்கும்.

இன்னொரு முறை வேறு வகையான தகராறு. படங்கள் வைத்திருந்த ஸ்டோரேஜிலிருந்து வெளியே போன டேட்டாவுக்குப் பெரிய தொகை. லாகைப் பார்த்தால் ஏதோ பாட் (தானியங்கி நிரல்) ஒன்று அதே கோப்புகளைத் திரும்பத் திரும்ப இறக்கியிருந்தது. இந்த வாதத்தில் எனக்குக் கிடைத்தது கொஞ்சம்தான், அதுவும் சலுகையாகத்தான். டேட்டா உண்மையாகவே போயிருக்கிறது, அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்ன தொகைக்கு மேல் போனால் நிறுத்திவிடு என்று சொல்லும் வசதியை எனக்குத் தராமல் இருப்பதில் எந்த நியாயமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இது என் ஒருவனின் புலம்பல் அல்ல. 2024 பிப்ரவரியில், இணையதளங்களை ஏற்றிவைக்கும் நெட்லிஃபை நிறுவனத்தில் ஒரு சாதாரண ஸ்டேட்டிக் தளம் (மாறாத பக்கங்கள் மட்டும் கொண்டது) வைத்திருந்தவருக்கு 1,04,500 டாலர் பில் வந்தது. சப்போர்ட் முதலில் 20 சதவீதம் கட்டச் சொன்னது, பிறகு 5 சதவீதம் என்றது. விஷயம் பொதுவெளிக்கு வந்த பிறகு முழுத் தொகையும் தள்ளுபடியானது. அதே ஆண்டு அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-யில், யாரோ வெளியாட்கள் அனுப்பி மறுக்கப்பட்ட கோரிக்கைகளுக்கும் பக்கெட் (சேமிப்புப் பெட்டி) உரிமையாளரே கட்டணம் கட்ட வேண்டியிருந்தது அம்பலமானது. மே மாதத்தில் அமேசான் அந்தக் கட்டணத்தை நிறுத்தியது. கேள்வி கேட்டால் விதியே மாறும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

வாதாடி ஜெயிக்க முடியாத கட்டணங்களும் உண்டு, முன்கூட்டியே அறிவித்தவை. அமேசான் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண்) மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. 744 மணி நேரத்துக்கு 3.72 டாலர். ஒரு முகவரிக்குச் சிறு தொகை. நாற்பது முகவரி வைத்திருப்பவருக்கு அப்படியல்ல. ஆதரவுக் காலம் முடிந்த மைஎஸ்கியூஎல் 5.7 டேட்டாபேஸை அவர்களிடம் தொடர்ந்து ஓட்டினால், 2024 மார்ச் முதல் நீட்டிப்புக் கட்டணம் தனி. இப்படிப்பட்ட அறிவிப்புகள் விளம்பர மெயில்களுக்கு நடுவே வருகின்றன. பில்லிங் அறிவிப்புகளைத் தனி முகவரிக்குத் திருப்பிவிடுவது நல்லது.

கோபத்தில் சிலர் வங்கியில் போய் சார்ஜ்பேக் போடுகிறார்கள், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்கிறார்கள். அதை நான் கடைசி ஆயுதமாகத்தான் வைப்பேன். சார்ஜ்பேக் போனதும் கணக்கை முடக்கிவிட அவர்களுடைய விதிமுறைகளில் இடம் இருக்கும். சர்வர், பேக்கப், டொமைன் எல்லாம் அதே கணக்கில் இருந்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். கார்டை நீக்கினால் தப்பிக்கலாம் என்பதும் சரியல்ல. சேவை ஓடும்வரை நிலுவை ஏறிக்கொண்டேயிருக்கும்.

சான்றுகளுக்கும் ஆயுள் உண்டு. கணக்கில் நடந்தவற்றைப் பதிவு செய்யும் அமேசானின் கிளவுட்டிரெயில் சேவையில் நிகழ்வு வரலாறு இயல்பாக 90 நாட்களுக்கு மட்டும்தான் இருக்கும். மற்றவர்களிடம் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். டெலிட் செய்த கையோடு லாகையும் உறுதி மெயிலையும் தனியாகச் சேமித்து வையுங்கள். என் வழக்கு நின்றதே அந்த இரண்டின் பலத்தில்தான்.

பட்ஜெட் அலர்ட்டைப் பற்றி சப்போர்ட் எத்தனை முறை சொன்னாலும், அது பணத்தைக் காப்பாற்றாது. பயன்பாட்டுக் கணக்கு பல மணி நேரம் தாமதமாகத்தான் வந்து சேரும்; மெயில் வருவதற்குள் தொகை ஏறியிருக்கும். கூகுள் கிளவுட்டிலும் பட்ஜெட் வைத்தால் செலவு தானாக நிற்காது, பில்லிங்கைத் துண்டிக்கும் நிரலை நாமே எழுதிக்கொள்ள வேண்டும், துண்டித்தால் டேட்டா மீட்க முடியாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூரில் செலவு வரம்பு இருக்கிறது, ஆனால் இலவசக் கிரெடிட் வகைக் கணக்குகளுக்குத்தான். பயன்படுத்திய அளவுக்குக் கட்டும் கணக்குக்குக் கிடையாது. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர்களுக்கு இல்லை.

இப்போதைய நிலை: டேட்டாபேஸும் முக்கிய சர்வர்களும் அதே நிறுவனத்தில்தான் இருக்கின்றன. படங்களை மட்டும், வெளியே போகும் டேட்டாவுக்கு மாதாந்திர நிலையான கட்டணம் வாங்கும் இடத்துக்கு மாற்றிவிட்டேன். முழுதாக வெளியேற நினைப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். விலகிப்போகும் வாடிக்கையாளர்களிடம் டேட்டா டிரான்ஸ்ஃபர் கட்டணம் வாங்குவதில்லை என்று 2024 ஜனவரியில் கூகுளும், மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்டும் அறிவித்தன. ஆனால் அது தானாகக் கிடைக்காது, முறைப்படி சப்போர்ட்டிடம் கேட்டுப் பெற வேண்டும். டேட்டாவை நகர்த்தத் தொடங்கும் முன்பே டிக்கெட் போட்டு, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.