பனிமலையில் வாங்கிய நடைக்கம்பு, தனுஷ்கோடி மணலில் மூன்று குளிர்காலம்

2023 ஜனவரியில் மகள் வீட்டுக்கு வான்கூவர் போயிருந்தேன். அங்கே வயதானவர்கள் குழு ஒன்று வாரம் ஒருநாள் சீமோர் மலையில் பனிநடை போகும். மகள் என்னையும் சேர்த்துவிட்டாள். ஷூவுக்கு அடியில் முறம் போல அகலமான ஒரு சட்டத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். உடம்பின் கனம் பரவிவிடுவதால் கால் பனியில் புதையாது. கையில் ஆளுக்கு இரண்டு கம்பு. டாக் மவுண்டன் வரை போய்த் திரும்ப ஐந்து கிலோமீட்டர். மூட்டுத் தேய்மானம் உள்ள எனக்கு அன்று இறக்கத்தில்கூட முழங்கால் வலிக்கவில்லை. பாரத்தில் ஒரு பங்கைக் கையும் தோளும் வாங்கிக்கொண்டன.

மறுநாளே ஒரு ஜோடி கம்பு வாங்கிவிட்டேன். அலுமினியக் குழாய், மூன்று துண்டு, திருகிப் பூட்டும் வகை, கார்க் கைப்பிடி. நுனிக்கு மேலே மாட்ட இரண்டு அளவில் பிளாஸ்டிக் வட்டு வந்தது. சாதாரணத் தரைக்குச் சின்னது. பனிக்குப் பெரியது, ஒரு இட்லி அகலம் இருக்கும். ராமநாதபுரத்தில் பனிக்கு எங்கே போவது என்று ஊர் வந்ததும் பெரிய வட்டைப் பரணில் போட்டேன். ஒரு குளிர்காலம் அதனால் வீணாகியிருக்கும்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்றவர்கள் பதினொரு பேர் மார்கழியிலிருந்து மாசி வரை மாதம் இரண்டு ஞாயிறு வேன் பிடித்துத் தனுஷ்கோடி போகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போய்விடும். பங்குனி பிறந்தால் வெயில் தாங்காது. இடிந்த தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் இறங்கி, ஆண்கடல் என்று நாங்கள் சொல்லும் மன்னார் வளைகுடா ஓரமாகவே, நிலம் முடியும் அரிச்சல்முனை வரை நாலரை கிலோமீட்டர் நடை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் மறுபக்கத்துப் பெண்கடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம்தான் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தொடங்கினால் அப்படியே தலைகீழ்.

முதல் தடவை சின்ன வட்டோடு போனேன். ஊன்றும்போதெல்லாம் கம்பு ஒரு சாண் உள்ளே போனது. பிடுங்கிப் பிடுங்கி நடந்ததில் அன்று ராத்திரி தோள்பட்டை இறங்கவே இல்லை. கம்பே இல்லாமல் நடந்திருக்கலாம் போலிருந்தது. அப்போதுதான் பரணில் கிடந்த வட்டு ஞாபகம் வந்தது. காய்ந்த மணலும் புதுப்பனியும் ஒரே மாதிரிதான் காலை வாங்குகின்றன. அடுத்த நடைக்குப் பெரிய வட்டைத் திருகி மாட்டிக்கொண்டு போனேன். இரண்டு விரற்கடைக்கு மேல் கம்பு இறங்கவில்லை. பாண்டிச்சேரியில் வாங்கிய கம்போடு வந்த போஸ்ட்மாஸ்டர் அண்ணன் இரண்டையும் மாற்றி மாற்றி ஊன்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்தத் தட்டு மட்டும் கிடைக்குமா?" என்றார். இப்போது எங்களில் ஆறு பேர் பெரிய வட்டு போட்டிருக்கிறோம். வாங்குவதற்கு முன் மரை பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கம்புக்குக் கம்பு அது மாறுகிறது.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமதரையில் கம்பைப் பிடித்து நிற்கும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்கினால் அளவு சரி. ஆனால் கடற்கரை சமதரை இல்லையே, கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும். அரிச்சல்முனை போகையில் கடல் வலது கைப்பக்கம். அதனால் வலது கம்பை நாலு விரற்கடை நீட்டி, இடதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். இதைச் செய்யாத நாட்களில் இடுப்பு ஒருபக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியில் தொங்கும் கைவாரில் கையை மேலிருந்து நுழைக்காதீர்கள். கீழிருந்து மேலே கொண்டுபோய், வாரையும் சேர்த்துப் பிடியுங்கள். பாரம் மணிக்கட்டுக்கு மேல் வாரில் இறங்கும், விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. மேட்டு மணலில் படர்ந்திருக்கும் அடும்புக்கொடியில் பெரிய வட்டு அடிக்கடி சிக்கும். இராவணன் மீசைப் புல் பக்கம் போனாலும் அப்படித்தான். உப்பங்கழிச் சேற்றில் வட்டே எதிரி, உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும். அங்கே கழற்றிவிடுவது நல்லது. தார்ச்சாலைக்கு ரப்பர் குல்லா வேண்டும். வருடத்துக்கு ஒரு ஜோடி தேய்கிறது.

பெரிய குறை உப்பு. 2025 தையில், பூநாரைக் கூட்டம் இறங்கியிருந்த ஒரு காலை. அப்போது அந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்திருக்கவில்லை, ஜூனில்தான் அறிவித்தார்கள். ஆழமில்லாத நீரில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நின்ற பறவைகளைப் பார்த்துக்கொண்டே இடது கம்பில் சாய்ந்தேன். கீழ்த்துண்டு சரக்கென்று உள்ளே போய்விட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மணிக்கட்டு சுளுக்கி மூன்று வாரம் கட்டோடு இருந்தேன். வாங்கிய கடைக்கு மகள் இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை. வலது கம்போ நேர்மாறாக இறுகிப்போய் எந்தத் திருகலுக்கும் அசையவில்லை. கேணிக்கரையில் ஒரு சைக்கிள் கடைத் தம்பிதான் வெந்நீர் ஊற்றி, டியூப் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திறந்து கொடுத்தார். குழாயின் உள்சுவர் முழுக்க வெள்ளைப் பொடி. திருகினால் விரிந்து குழாயைப் பிடிக்க வேண்டிய நைலான் துண்டில் உப்பும் பொடிமணலும் ஏறி, அது வழவழவென்று தேய்ந்திருந்தது. பொடியை எடுத்து நைலானை மாற்றிய பின் இன்றுவரை தொந்தரவு இல்லை. ஆனாலும் கடலோரத்துக்குப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு, வெளியே நெம்புகோல் வைத்துப் பூட்டும் வகையைத்தான் சொல்வேன். பூட்டு பிடித்திருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் போன ஊரின் சுவர்களுக்கு நடுவேதான் எங்கள் நடை தொடங்குகிறது. போஸ்ட்மாஸ்டர் அண்ணன் அப்போது பாம்பனில் எட்டு வயதுப் பிள்ளை. ஒவ்வொரு முறையும் தேவாலயத்தின் முன் அவர் கம்புகளை மணலில் ஊன்றி நிறுத்திவிட்டுக் கைகூப்புவார். அவர் கம்பை எடுக்கும்வரை நாங்கள் யாரும் கிளம்புவதில்லை.

வீடு திரும்பியதும் குளிப்பதற்கு முன் கம்பு வேலை. ஆறு துண்டாகப் பிரித்து, நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றிக் கழுவி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, பூட்டாமல் மாடி நிழலில் ஒரு நாள் வைப்பேன். எண்ணெய் மட்டும் விடவே கூடாது, பூட்டு வழுக்கும். நேற்று கழுவியபோது வலது கம்பின் நுனியில் வழக்கம்போல ஒரு சிப்பித் துண்டு செருகியிருந்தது. ஊசியால் எடுத்தேன். அடுத்த ஞாயிறு மறுபடி தனுஷ்கோடி. இந்த முறை மண்டபத்து மதினியும் வருகிறார், அவருக்கு என் பழைய சின்ன வட்டுகளை எடுத்து வைக்கவில்லை, புதிதாகப் பெரியதே ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன்.