பெரம்பூரா, ராயபுரமா, திருவொற்றியூரா? வடசென்னையில் வீடு தேடியபோது

பதினோரு வருடம் பெரம்பூரில் வாடகைக்கு இருந்துவிட்டு, 2024 ஏப்ரலில் ராயபுரத்துக்குக் குடிவந்தோம். அதற்கு முன் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடு பார்த்தோம். பெரம்பூரிலேயே வேறு தெரு, ராயபுரம், திருவொற்றியூர் என்று மூன்றுக்குள்தான் அலைச்சல். ஒரே ஒரு நாள் கொளத்தூர் போனோம். வடசென்னை என்றதும் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் மூன்றும் மூன்று ஊர். மண் வேறு, காற்று வேறு, காலையில் தெருவில் கேட்கும் சத்தம்கூட வேறு.

கொளத்தூரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகலமான தெருக்கள், புதிய அடுக்குமாடிகள், வண்டி நிறுத்த இடம். வண்ணமீன் வளர்ப்பவர்களும் விற்பவர்களும் அங்கே நிறைய. என் பையன் கடை கடையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான், வீடு பார்க்க நேரமே இல்லை. எனக்கு வேலை பாரிமுனையில். கொளத்தூரிலிருந்து தினமும் போய் வருவது கட்டுப்படியாகாது என்பதால் அத்தோடு விட்டுவிட்டோம். அம்பத்தூர் பக்கமோ அண்ணா நகர் பக்கமோ வேலை இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி வரும்.

பெரம்பூரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ரயில்வேக்காரர்களின் ஊர் அது. பக்கத்திலேயே ஐ.சி.எஃப்., 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை. நாட்டின் முதல் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை 1975இல் நடந்தது பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். லூர்து மாதா கோயில் திருவிழா, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பழைய ஓட்டு வீடுகள், பின்னி மில் காலத்துக் கதை பேசும் பெரியவர்கள் என்று அந்த ஊருக்குத் தனி முகம். சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் மூன்றாவது நிறுத்தம். ஊருக்குப் போகிற எத்தனையோ விரைவு ரயில்கள் பெரம்பூரிலேயே நின்று ஏற்றிக்கொள்ளும். பள்ளிக்கூடம், மார்க்கெட், டாக்டர் எல்லாம் நடக்கிற தூரம். மாதவரத்திலிருந்து வரும் இரண்டாம் கட்ட மெட்ரோவும் அந்த வழியாகத்தான். வசதியை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த மூன்றில் பெரம்பூர்தான் முதலில் நிற்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியென்றால் ஏன் கிளம்பினோம்? தண்ணீர்தான்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் கடலில் நின்றபடி சென்னை மேல் கொட்டித் தீர்த்தது. எங்களுடையது தரைத்தளம். விடியும்போது வாசல்படி மூழ்கியிருந்தது. பத்து மணிக்கெல்லாம் கூடத்தில் முழங்கால் அளவு. ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றினோம், கட்டில் மேல் பீரோத் துணிகளை அடுக்கினோம், அம்மாவை மாடி வீட்டில் உட்காரவைத்தோம். அன்றைய பயத்தை மறந்துவிடலாம். அடுத்த இரண்டு மாதம் பட்ட பாட்டைத்தான் மறக்க முடியவில்லை.

வீடு தேடுகிறவர்கள் வெள்ளம் வருமா என்று மட்டும் கேட்கிறார்கள். வந்து போனபிறகு என்ன செலவு என்று கேட்பதில்லை. எங்கள் வீட்டுச் சம்பின், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின், மூடி தரையோடு தரையாக இருந்தது. தெருத் தண்ணீரும் சாக்கடையும் அதற்குள் இறங்கிவிட்டன. முதலில் மொத்தத்தையும் இறைத்துக் கொட்ட வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும், எங்களுக்கு மூன்று நாள் மின்சாரம் இல்லை. வந்தபிறகு பார்த்தால் மோட்டார் எரிந்திருந்தது, காயில் கட்டக் கொடுத்தோம். ஆள் வைத்துத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி நிரப்பி, மறுபடி இறைத்து, அப்படியும் வாடை போக மூன்று வாரம் ஆனது. அதுவரை லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும்தான். மர அலமாரியின் அடிப்பலகை ஊறி விரிந்துபோனது. சுவரில் இடுப்பளவுக்கு ஏறிய ஈரம் பங்குனி வரைக்கும் காயவில்லை. பைக் எஞ்சினுக்குள் தண்ணீர். இதெல்லாம் ஒரே ஒரு நாள் மழையின் செலவு. வாடகை வீட்டில் இதில் பாதிக்கு மேல் குடியிருப்பவர் தலையில்தான் விழும்.

ஏன் அங்கே தண்ணீர் நிற்கிறது என்பதைப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சென்னையின் உட்பகுதி பெரும்பாலும் களிமண், மழைநீர் லேசில் இறங்காது. பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கத்து நீர் ஓட்டேரி நல்லா என்ற ஓடை வழியாகப் பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் சேர வேண்டும். கால்வாய் கடலை நோக்கிப் போக வேண்டும். கடல் பொங்கி நிற்கும்போது முகத்துவாரத்தில் தண்ணீர் வாங்காது, கால்வாய் நிரம்பும், ஓடை எதிர்த்து நிற்கும், தெருவில் உள்ளது தெருவிலேயே இருக்கும். ஆனால் பெரம்பூர் முழுவதும் அப்படி இல்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் கணுக்காலைத் தாண்டவில்லை.

ராயபுரம் கடலோர மணல் மேட்டில் இருக்கிறது. இந்த ஒன்றுதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது. மழை கொட்டும்போது இங்கேயும் தெருவில் தண்ணீர் ஓடும், சில தெருக்களில் நிற்கவும் நிற்கும். ஆனால் மணல் உறிஞ்சிக்கொள்கிறது. 2024 அக்டோபர் மழையில் மதியம் வாசலில் நின்ற தண்ணீர் இரவு சாப்பிடும்போது இல்லை. அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்கடா போச்சு?" என்று கேட்டார். இங்கே வந்து நான் பார்த்த மழைக்காலங்கள் குறைவு. மிக்ஜாம் அளவுக்கு இன்னொன்று வந்தால் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். அந்த டிசம்பரில் இந்த வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று எதிர்வீட்டு அக்காவும் முனையில் இஸ்திரி போடுபவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். வீட்டு புரோக்கரை இந்த விஷயத்தில் நான் கேட்கவே இல்லை.

வீடு பார்க்கப் போகும்போது நாங்கள் வழக்கமாக்கிக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன், எந்தப் பகுதிக்கும் இது பொருந்தும். மின்சார மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தெருவில் எல்லார் வீட்டிலும் தலைக்கு மேலே ஏற்றி மாட்டியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். சம்பு மூடியைச் சுற்றிச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்களா, வாசல்படி தெருவைவிட மேலேயா கீழேயா என்று பாருங்கள். ரோடு மேல் ரோடு போட்டுப் பழைய வீடுகள் பள்ளத்துக்குள் போயிருக்கும். புது வெள்ளை அடித்த வீடென்றால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள், கறை அங்கே தெரியும். முடிந்தால் ஒரு மழை நாளிலேயே போய்ப் பாருங்கள்.

ராயபுரத்திலும் குறைகள் உண்டு. உப்புக்காற்று முதல் குறை. ஜன்னல் கம்பி, கேட், கேஸ் அடுப்பின் கால், சைக்கிள் செயின் என்று இரும்பு எதையும் விடாது. கம்பிகளுக்கு வருடம் ஒரு முறை சுரண்டிப் பெயின்ட் அடிக்காவிட்டால் உதிர ஆரம்பித்துவிடும். போர் தண்ணீர் உப்பு. துவைக்கவும் கழுவவும் அதை வைத்துக்கொள்கிறோம், சமைக்கவும் குடிக்கவும் மெட்ரோ வாட்டர். ஹீட்டர் காயிலில் உப்பு படிந்து ஒன்றரை வருடத்தில் மாற்றினோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை இன்னொரு தொல்லை. பெரிய சாலையை ஒட்டிய வீடு வேண்டவே வேண்டாம், உள் தெருவாகப் பாருங்கள். முன்பு மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் கரித்தூள் படியும் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது, அதன்பிறகு நிலைமை மாறியிருக்கிறது. கார் வைத்திருப்பவர்களுக்கு நிறுத்த இடம் கிடைப்பது சிரமம். எங்களிடம் கார் இல்லை.

ஆனால் இவை எல்லாமே தெரிந்த செலவு. பெயின்டுக்கு இவ்வளவு, ஹீட்டர் காயிலுக்கு இவ்வளவு என்று வருடத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்கலாம். அது ஒரே இரவில் வீட்டுக்குள் ஏறி வராது.

மற்றபடி ராயபுரம் நான் நினைத்ததைவிட நெருக்கமாகிவிட்டது. ராயப்பர், அதாவது பேதுரு, பெயரால் வந்த ஊர். படகுக்காரர்கள் எழுப்பிய அந்தப் பழைய தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதே வட்டாரத்தில் 1910இலிருந்து பார்சிகளின் தீக்கோயில் இருக்கிறது, தமிழ்நாட்டிலேயே அது ஒன்றுதான். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் நிலையத்திலிருந்துதான் நான் வேலைக்குப் போகிறேன், பீச் ஸ்டேஷன் அடுத்த நிறுத்தம். அம்மாவுக்கு மாதம் ஒரு முறை ஸ்டான்லி மருத்துவமனையில் காட்ட வேண்டும், ஆட்டோவில் ஐந்து நிமிடம். துணிமணி எடுக்க எம்.சி. ரோடு. ஞாயிறு விடிகாலையில் காசிமேட்டுக்குப் போனால் மீன் ஏலம் கேட்கும் சத்தத்திலேயே தூக்கம் கலைந்துவிடும். வஞ்சிரம் விலைக்கு ஒத்துவராத நாளில் சங்கராவோ காரப்பொடியோ வாங்கிவருவேன்.

திருவொற்றியூரில் நான் குடியிருந்ததில்லை. பெரியம்மா வீட்டில் பத்து நாள் தங்கியதையும் நான்கு வீடு பார்த்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன். பெரம்பூரில் கேட்ட வாடகைக்கு அங்கே ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபிறகு தூரம் என்ற பேச்சே போய்விட்டது. அங்கே ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு காலம் இருக்கிறது. கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் காலடிப்பேட்டை ஆனது, தீப்பெட்டிக் கம்பெனி இருந்த இடம் விம்கோ நகர். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம், பட்டினத்தார் அடங்கிய இடம். பௌர்ணமி அன்று வடிவுடையம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் நிற்க அம்மாவுக்கு அவ்வளவு ஆசை. அங்கேயே வீடு எடுக்கலாம் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தடுத்தது காற்றுதான். மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளிலிருந்து சில இரவுகளில் வாடை வரும். பத்து நாளில் இரண்டு இரவு எனக்கே மூச்சு முட்டியது. பையனுக்குச் சிறுவயதிலிருந்தே வீசிங் உண்டு. 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியது எங்கள் மனதில் புதிதாக இருந்தது. தேரடிப் பக்கம் அவ்வளவு இருக்காது என்று பெரியம்மா சொல்கிறார், நாற்பது வருடம் அங்கேயே இருப்பவர். அவர் பேச்சை நான் தள்ளவில்லை. மூச்சுத் தொல்லை உள்ள குழந்தை இல்லாத குடும்பமென்றால், கையில் உள்ள பணத்துக்கு அதிகம் கிடைக்கும் ஊர் திருவொற்றியூர்தான். கடற்கரையை ஒட்டி மட்டும் வேண்டாம். அங்கே கரை அரிப்பு பழைய பிரச்சினை, பாறாங்கல் கொட்டித்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

என் தம்பி பெரம்பூரை விடவில்லை. மனைவிக்கு வில்லிவாக்கத்தில் வேலை, பிள்ளைகளுக்கு அதே பள்ளி. அவனுக்காகப் போன மாதம் மறுபடி நானும் சேர்ந்து வீடு பார்த்தேன். மீட்டர் பெட்டி மேலே, சம்பு மூடி தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், வீடு முதல் மாடி. அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லிவிட்டேன். பைக்கை மட்டும் ஐப்பசி தொடங்கியதும் எங்கள் வாசலில் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு.