வியூவில் பெயர் மோதல்: ஏஸ், பெயர்ப்பட்டியல், யூசிங் ஆகியவற்றில் எது?

வாடிக்கையாளர், ஆர்டர் ஆகிய இரு அட்டவணைகளிலும் ‘ஐடி’, ‘கிரியேட்டட்_அட்’ என்ற நெடுவரிசைகள் இருந்தால், இரண்டையும் ஜாய்ன் செய்து (இணைத்து), எல்லா நெடுவரிசைகளையும் குறிக்கும் நட்சத்திரக் குறியுடன் எழுதிய செலக்ட் வினவல் தனியாக ஓடும். அதையே வியூவாக, அதாவது அட்டவணைபோலப் பயன்படும்படி பெயரிட்டுச் சேமித்த வினவலாக மாற்ற கிரியேட் வியூவுக்குள் வைத்தால், ஒரே பெயரில் இரு நெடுவரிசைகள் வருவதால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மறுத்துவிடும், மைஎஸ்கியூஎல் 1060 என்ற பிழை எண்ணைக் காட்டும். எஸ்கியூலைட் மட்டும் இரண்டாவதற்கு ‘ஐடி:1’ என்று தானே பெயர் சூட்டி அனுமதித்துவிடும். இந்தத் தாராளத்தைவிடப் பிழைச்செய்தியே மேல்.

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ‘ஏஸ்’ போட்டு மாற்றுப்பெயர் தருவது முதல் வழி. நட்சத்திரத்தைக் கைவிட்டு, நாற்பது நெடுவரிசைகள் என்றால் நாற்பது பெயர்களையும் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பது உண்மைதான். ஆனால் போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் வியூவை உருவாக்கும்போதே நட்சத்திரத்தை விரித்து உறையவைத்துவிடுவதால், பின்னர் அட்டவணையில் சேரும் நெடுவரிசை எப்படியும் வியூவில் வராது, இழப்பு பெரிதன்று.

வியூவின் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் பெயர்ப்பட்டியல் தருவது பார்வைக்கு அழகாக இருக்கும். ஆயினும் அங்கே பெயர் ஒட்டிக்கொள்வது இடத்தோடுதான், பொருளோடு அன்று. நான் பராமரித்த ஒரு வியூவில், செலக்ட் பகுதியைச் சீர்படுத்தியபோது பதிவு நாளையும் அனுப்பிய நாளையும் இடம் மாற்றிவிட்டேன். இரண்டும் ஒரே தரவு வகை, பட்டியலில் பெயர்களும் மாறவில்லை என்பதால், பழைய வியூவின் இடத்தில் புதியதை வைக்கும் கிரியேட் ஆர் ரிப்ளேஸ் சத்தமின்றி நிறைவேறியது, அனுப்பிய பிறகு பதிவான ஆர்டர்கள் அறிக்கையில் தோன்றின. மூன்று நான்கு நெடுவரிசைகளைத் தாண்டினால் இந்த வழியை நான் தொடுவதில்லை.

ஜாய்னில் எழுதும் யூசிங், இணைப்புச் சாவியை (இரு அட்டவணைகளையும் பொருத்தும் நெடுவரிசையை) ஒரே நெடுவரிசையாக்கித் தருகிறது; ஆனால் சாவி இரு அட்டவணைகளிலும் ‘கஸ்டமர்_ஐடி’ என்று ஒரே பெயரில் இருக்க வேண்டும், ‘கிரியேட்டட்_அட்’ மோதலோ அப்படியே நிற்கும். எஸ்கியூஎல் சர்வரில் இது கிடையாது. யூசிங்கின் உறவினரான நேச்சுரல் ஜாய்ன், ஒரே பெயருள்ள எல்லா நெடுவரிசைகளையும் பொருத்துவது; அது ‘கிரியேட்டட்_அட்’டையும் இணைப்பு நிபந்தனையாக எடுத்துக்கொள்வதால், மோதல் மறைவதோடு வரிசைகளும் மறைந்துவிடும்.

ஆகவே சாவிக்கு யூசிங், மற்றவற்றுக்கு ஏஸ் என்பதே என் தேர்வு. எதைத் தேர்ந்தாலும் பெயர்களை முதல் நாளே முடிவு செய்வது நல்லது: போஸ்ட்கிரெஸில் கிரியேட் ஆர் ரிப்ளேஸ், ஏற்கெனவே உள்ள நெடுவரிசையின் பெயரை மாற்ற விடாது, 2020இல் வந்த 13ஆம் பதிப்பு முதல் ஆல்டர் வியூவில் ‘ரீநேம் காலம்’ (நெடுவரிசையின் பெயரை மாற்று) என்று எழுதலாம் என்றாலும், பழைய பெயரை நம்பியிருக்கும் செயலிகளின் வினவல்களை நாமேதான் தேடித் திருத்த வேண்டும்.