அம்பாசிடர் மார்க் 4: பின் ஆக்சில், பட்டா வேலைக்குப் பிந்தைய அனுபவம்

என்னிடம் உள்ளது 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்த அம்பாசிடர் மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் கொண்டது. அதன் பின் ஆக்சிலையும் (பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் அச்சு), பட்டா (எஃகு இலைகளை அடுக்கிய வில்) உள்ளிட்ட சஸ்பென்ஷனையும் முழுவதுமாக இறக்கிப் புதுப்பித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. வேலை முடிந்த கையோடு எழுதப்படும் பாராட்டுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதிதாகப் பூசிய கிரீஸ் காய்வதற்குள் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். கோடை வெயில், ஐப்பசி மழை, அளவுகோலே இல்லாத நம் ஊர் வேகத்தடைகள் ஆகிய அனைத்தையும் கடந்த பிறகு எது தாக்குப்பிடித்தது, எது பிடிக்கவில்லை என்பதையே இங்கே பதிவு செய்கிறேன். நான் கண்டவரையில், வண்டியோடு பிறந்த இரும்பு எதுவும் எனக்குத் தொல்லை தரவில்லை. புதிதாக வாங்கிப் போட்ட ரப்பரும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலும்தான் மீண்டும் மீண்டும் பட்டறைக்கு அழைத்துச் சென்றன.

இந்த வண்டியின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 என்பதும், இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் 2014 வரை இதைத் தயாரித்தது என்பதும் பலரும் அறிந்தவை. இடையில் என்ஜினும் முகப்பும் எத்தனையோ முறை மாறியபோதும், ஒரே துண்டான ஆக்சிலை இரண்டு பட்டாக்கட்டுகள் தாங்கும் பின்பக்க அமைப்பு கடைசி வரை நீடித்தது. ஆக்சிலை இழுத்துப் பிடிக்கத் தனிக் கம்பிகளோ கைகளோ இதில் கிடையாது. வண்டியின் பாரத்தைச் சுமப்பதும், சக்கரம் தள்ளும் விசையை உடலுக்குக் கடத்துவதும், முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சில் புரண்டுவிடாமல் தடுப்பதும் அந்தப் பட்டாக்களே. எனவே பட்டா முனைகளிலுள்ள ஒரு புஷ் (ரப்பர் உறை) தேய்ந்தாலும் ‘டொக்’ என்ற சத்தமாகவும், கிளட்ச் விடும்போது ஒரு குலுங்கலாகவும், நெடுஞ்சாலையில் பின்பக்கம் லேசாக அலைவதாகவும் அதன் விளைவு வெவ்வேறு வடிவங்களில் வெளிப்படும். மூன்றுக்கும் மூன்று காரணங்களைத் தேடிப் பணம் செலவழித்தவர்களை நான் அறிவேன்.

பின்னாலிருந்து இழுவைச் சத்தம் கேட்டதுமே கிரவுன் பினியன் (ஆக்சிலின் நடுவே விசையைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பற்சக்கர ஜோடி) போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. ஆனால் சத்தத்தைச் சற்றுப் பொறுமையாகக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதியிலும் விடும்போது வேறு சுருதியிலும் ஒலித்தால் பற்களின் பொருத்தத்தையோ பினியன் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வளைவில் திரும்பும்போது மட்டும் கூடியோ குறைந்தோ ஒலித்தால் அது பெரும்பாலும் சக்கர பேரிங்தான். என் வண்டியில் இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் உயர்ந்தது; பாரம் வலப்பக்கம் சாயும் நேரம் அது. வலப்பக்க ஹப்பை (சக்கரம் பொருந்தும் குடம்) கழற்றிய மெக்கானிக், பேரிங்கின் உள்வளையத்தில் விழுந்திருந்த குழிகளை நகத்தால் தடவிக் காட்டினார்.

இருந்தாலும் ஆக்சில் இறங்கிவிட்ட நிலையில், அந்தப் பற்சக்கரங்கள் அமர்ந்திருக்கும் டிஃபரன்ஷியலைப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. பற்களில் நீல வண்ணப் பசையைத் தடவிச் சுழற்றிப் பார்த்ததில், தடம் பல்லின் நடுப்பகுதியிலேயே சீராக விழுந்தது. அதற்குமேல் அதைத் தொடவில்லை. கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகவே அரைத்துப் பொருத்தப்படுபவை. பல ஆயிரம் கிலோமீட்டர் ஒன்றோடொன்று பழகிய பற்களைப் பிரித்து வேறு ஜோடியைப் போட்டால், ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைத்து இடைவெளியைச் சரிசெய்யும் வேலையில் கைதேர்ந்தவர் இல்லாதவரை, இருந்ததைவிட மோசமான சத்தமே மிஞ்சும். பினியன் ஆயில் சீலை மட்டும் மாற்றி, ஹைப்பாய்டு எனப்படும் இந்த வகைப் பற்களுக்கு உரிய, மிகை அழுத்தம் தாங்கும் இ.பி. 90 எண்ணெயை நிரப்பி மூடினோம். இந்த வகைப் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால், அவற்றுக்கிடையே உள்ள அழுத்தத்தைச் சாதாரண எண்ணெய்ப் படலம் தாங்காது. இன்று வரை அந்தப் பகுதியிலிருந்து ஒரு முணுமுணுப்பும் இல்லை.

பட்டா விஷயத்தில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. பழைய பட்டாக்கள் வளைவிழந்து, பின்னால் நால்வர் அமர்ந்தால் வண்டியின் பின்பாகம் தரையைப் பார்க்கும் நிலையில் இருந்தன. கூடுதலாக ஓர் இலையைச் சேர்க்கச் சொன்னவர்கள் பலர். அப்படிச் சேர்த்தால் உயரம் கிடைக்கும். ஆனால் காலியாக ஓடும்போது வண்டி மாட்டுவண்டியாகிவிடும். இன்னொரு குறுக்கு வழி, கேஸ் வெல்டிங் சுடரால் ஓரிடத்தில் சூடாக்கி அடித்து வளைப்பது. அந்த இடத்தில் எஃகின் பதம் இறங்கிவிடுவதால் சில மாதங்களில் வளைவு மீண்டும் படுத்துவிடும், அல்லது அங்கேயே முறியும். முறையான வழி, இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசுக்குச் சீராகச் சூடாக்கி, அச்சில் வளைத்து எண்ணெயில் ஆற்றி, பிறகு 450 முதல் 500 டிகிரி வரை மறுபடியும் சூடாக்கிப் பதப்படுத்துவதாகும். லாரிப் பட்டா வேலை செய்யும் ஓரிடத்தில் உலை இருந்ததால், அங்கேயே கொடுத்தேன். வெடிப்பு விட்டிருந்த ஓர் இலையையும், இலைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டுகளையும் மட்டும் புதிதாகப் போட்டார்கள். இரு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று அவ்வப்போது சமதளத்தில் நிறுத்தி அளந்து பார்க்கிறேன். இதுவரை குறிப்பிடத்தக்க இறக்கம் இல்லை. இந்த முழு வேலையிலும் கொடுத்த காசுக்கு மேல் பலன் தந்தது இதுவே என்பேன்.

ஆக்சிலைப் பட்டாவோடு சேர்த்து இறுக்கும் யூ போல்ட்டுகளைப் பொறுத்தவரை, பழையதைத் துடைத்து மறுபடி மாட்டக் கூடாது. ஒரு முறை முறுக்கி நீண்டவை மறுமுறை அதே பிடியைத் தருவதில்லை. புதியதைப் போட்டாலும், இலைகளும் இருக்கைகளும் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் அழுந்தி அமர்ந்த பிறகு நட்டுகளை மீண்டும் முறுக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் ஆக்சில் மெல்ல நகர்ந்து சென்டர் போல்ட்டை வெட்டிவிடும். அதன்பின் வண்டி ஒருக்களித்தே ஓடும். முன்பக்க பட்டாக்கண் (பட்டா முனையிலுள்ள வளையம்) போல்ட்டிலிருந்து ஆக்சில் வரை இரு பக்கமும் அளந்து ஒப்பிட்டால் இந்தக் கோணல் உடனே தெரிந்துவிடும்.

இனி ரப்பர் புஷ்கள். முதலில் போட்டவை பார்ப்பதற்கு மினுமினுப்பாக இருந்தன. ஓராண்டு முடிவதற்குள் ஷேக்கிள் (பட்டாவின் பின்முனையைத் தொங்கவிடும் இணைப்பு) பக்கத்துப் புஷ்கள் நசுங்கி ஓரங்களில் பிதுங்கிவிட்டன. சந்தையில் கிடைக்கும் பலவற்றில் நல்ல ரப்பருக்குப் பதிலாக மறுசுழற்சிக் கலவையே இருப்பதாக எனக்கு ஐயம் உண்டு. சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் ஏறி இறங்கி, அழுத்தினால் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பும் புஷ்களாகத் தேர்ந்தெடுத்து இரண்டாவது முறை போட்டேன். அவை இன்னும் இருக்கின்றன. பாலியூரித்தேன் புஷ்களைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. நண்பர் ஒருவரின் வண்டியில் அவற்றைப் போட்டு ஓட்டிப் பார்த்ததில், நிலைப்பு நன்றாக இருந்தாலும் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் இருக்கைக்கு வந்து சேர்ந்தது. வறண்ட நாட்களில் கீச்சிடவும் செய்தது. அம்பாசிடருக்கே உரிய மிதவையான ஓட்டத்துக்காக அதை வைத்திருப்பவர்களுக்கு ரப்பரே பொருந்தும் என்பது என் கருத்து.

எந்தப் புஷ்ஷாக இருந்தாலும், அதன் ஆயுளை இரண்டு பழக்கங்கள் தீர்மானிக்கின்றன. வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே எப்போதும் இருக்கும், விரைவில் கிழியும். சக்கரங்கள் தரையில் நின்று பாரம் முழுவதும் பட்டாவில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு தர வேண்டும். அடுத்தது, சர்வீஸ் நிலையங்களில் அடிப்பாகத்துக்குக் கழிவு எண்ணெய் பீய்ச்சும் வழக்கம். துருவைத் தடுக்க உதவும் அதே எண்ணெய் ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடுகிறது. நான் அதை அறவே நிறுத்திவிட்டு, இலைகளுக்கிடையே கிராஃபைட் கிரீஸ் மட்டும் தடவுகிறேன்.

ஹப் ஆயில் சீல்களின் கதை வேறு. புதிய சீல் போட்ட சில வாரங்களிலேயே இடப்பக்க டிரம்முக்குள் எண்ணெய் இறங்கி பிரேக் லைனிங் நனைந்தது. மறுபடியும் சீல் மாற்றும்படி சொன்னார்கள். ஆனால் ஆக்சில் ஹவுசிங்கின் மேலுள்ள சிறிய மூச்சுத்துளையில் சேறு காய்ந்து அடைத்திருந்தது. ஓட்டத்தில் சூடாகி விரியும் காற்று வெளியேற வழியில்லாமல், எண்ணெயை சீலின் வழியே தள்ளியிருக்கிறது. துளையைச் சுத்தம் செய்து வேறு சீல் போட்ட பிறகு கசிவு நின்றது. வெள்ளம் தேங்கிய சாலைகளில் ஓட்ட நேர்பவர்கள் இந்தத் துளையை இன்னும் கவனிக்க வேண்டும். சூடான ஹவுசிங் திடீரெனத் தண்ணீரில் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, வெளியிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். ஒரு மழைக்காலத்துக்குப் பின் அடைப்பானைத் திறந்தபோது எண்ணெய் மோர் நிறத்தில் வந்ததால், அன்றே முழுவதையும் வடித்து மாற்றினேன்.

ஷாக் அப்சார்பர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதியவை போட்டோம், ஒழுகாமல் வேலை செய்கின்றன. பட்டாவும் புஷ்களும் சரியில்லாத வண்டியில் ஷாக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பட்டாவின் பின்முனை வந்து சேரும் உடற்பகுதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. ஷேக்கிள் தொங்குவது உடலோடு சேர்ந்த தகட்டுப் பெட்டியில்தான். மேலே பூசிய கறுப்புப் பூச்சு அப்படியே இருக்க, உள்ளே தகடு துருவால் பொடிந்திருக்கக் கூடும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்காமல் எந்தப் பழைய அம்பாசிடரையும் வாங்க வேண்டாம். என் வண்டியில் வலப்பக்கத்தை வெட்டி எடுத்து, கனமான தகட்டில் புதிதாகச் செய்து வெல்டு வைத்தார் டிங்கர். ஒட்டுத் தகடு போட்டு மூடும் வேலையை அவர் மறுத்துவிட்டதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

இப்போது பினியன் சீலில் லேசான ஈரம் தெரிகிறது. சொட்டும் அளவுக்கு வராததால், எண்ணெய் மட்டத்தை மட்டும் பார்த்து வருகிறேன். அதை மாற்றும்போது, கியர்பாக்சிலிருந்து விசையைப் பின்னுக்குக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் விளிம்பிலும் பினியன் விளிம்பிலும் நேருக்கு நேர் குறியிட்டுக் கழற்றி, அதே இடத்தில் மாட்டினால் அதிர்வு வராது. அதே சமயம் அங்குள்ள கிராஸையும் (ஷாஃப்ட் முனையிலுள்ள சிலுவை வடிவ இணைப்பு) பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.