பட்டுப்புழு மனைக்கு ஒரு திரை: டிகின்டரா, கியூட்டியா, நோட்-ரெட்டா?

வேலை இதுதான். பாலக்கோடு பக்கம் ஒரு பட்டுப்புழு வளர்ப்பு மனை. சுவரில் சின்னத் தொடுதிரை, அதற்குப் பின்னால் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி. வெப்பமும் ஈரப்பதமும் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். ஃபாகரும் (பனிபோல் நீர் தெளிப்பது) ஹீட்டரும் தேவைக்கேற்பத் தானே ஓடி நிற்க வேண்டும். இளம்புழுவுக்கு 27-28 டிகிரியும் 85-90 சதவீத ஈரப்பதமும் தேவை. புழுவின் கடைசியான ஐந்தாம் பருவத்தில் 24 டிகிரி, 70 சதவீதம் போதும். அதனால் அளவுகளைப் பருவத்துக்குப் பருவம் மாற்ற நாலு பட்டனும் வேண்டும்.

வன்பொருள் பக்கம் பெரிய போட்டி இல்லை. பையின் பின்களை (கம்பி இணைக்கும் முனைகளை) இயக்க, பைத்தான் நிரல்மொழியில் ஜிபிஐஓ ஜீரோ நூலகமே போதும். 2023-இல் வந்த பை 5-இல் பின்களைக் கவனிப்பது ஆர்பி1 என்ற தனிச் சில்லு. பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ நூலகம் அதில் ஓடாது. பழைய பாடங்களைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்பவர்கள் முதலில் மாட்டுவது இங்கேதான். வெப்பமும் ஈரப்பதமும் அளக்க எஸ்ஹெச்டி31 சென்சார் எடுத்தால் 3, 5-ஆம் பின்களில் ஐ2சி என்ற இரு கம்பித் தொடர்பு வழியாகப் படித்துவிடலாம். எந்தப் பின்னிலும் 3.3 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். 5 வோல்ட் போனால் பின் மட்டுமல்ல, போர்டே போகலாம்.

உண்மையான போட்டி திரைப் பக்கம்தான்: லேபிளும் பட்டனும் உள்ள ஜன்னலை எந்தக் கருவியில் எழுதுவது?

டிகின்டர் பைத்தானோடு வருகிறது, இலேசானது, 512 எம்பி நினைவகமுள்ள ஜீரோ 2 டபிள்யூவிலும் சட்டென்று திறக்கும். ஒரு மாலையில் லேபிளும் பட்டனும் வைத்து ரிலேயை (ஹீட்டரைப் போட்டு அணைக்கும் மின் சுவிட்சை) தட்டிப் பார்த்துவிடலாம். தொல்லை அதற்கப்புறம். பட்டனுக்கான ஃபங்ஷனுக்குள் 'ஐந்து வினாடி பொறு' என்று ஸ்லீப் போட்டால், அந்த ஐந்து வினாடியும் ஜன்னலே உறைந்து நிற்கும். ஸ்லீப்பை விட்டு குறித்த நேரம் கழித்து ஃபங்ஷனை அழைக்கும் 'ஆஃப்டர்' என்ற வழிக்கு வர வேண்டும். இன்னொன்று, சுவரில் மாட்டிய நிஜப் பட்டனை அழுத்தும்போது ஜிபிஐஓ ஜீரோ உங்கள் ஃபங்ஷனை வேறொரு திரெட்டில் (இணையாக ஓடும் தனி இழையில்) ஓட்டுகிறது. அங்கிருந்து நேராக லேபிளைத் தொட்டால் சில நேரம் ஒன்றும் ஆகாது, சில நேரம் தொங்கிவிடும். செய்தியை ஒரு கியூவில் (வரிசையில்) போட்டு, ஜன்னல் பக்கம் அவ்வப்போது எடுத்துப் படிக்க வைப்பதே பாதுகாப்பு.

கியூட்டி என்ற ஜன்னல் நூலகத்தில் (பைத்தானில் பைகியூட்டியோ பைசைடோ) இந்தத் தலைவலி குறைவு. 'சிக்னல்' என்ற அதன் செய்தியை எந்தத் திரெட்டிலிருந்து அனுப்பினாலும், அது வரிசையில் நின்று ஜன்னலின் திரெட்டில்தான் போய்ச் சேரும். ஆனால் எனக்கு முடிவைத் தந்தது வேறு விஷயம், தமிழ் எழுத்து. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் டிகின்டருக்கு அடியில் உள்ள டிகே 8.6 எழுத்துகளைச் சேர்த்து வடிவமைப்பதில்லை. 'வெப்பம்' என்று கொடுத்தால் ஒற்றைக்கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கியூட்டி, எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ஃபபஸ் நூலகத்தைப் பயன்படுத்துவதால் அதே சொல் ஒழுங்காக வருகிறது. மனையில் தழை போடுபவர் தமிழில்தானே படிப்பார்! ஆங்கிலத்தில் 'டெம்ப்' என்று எழுதிவிட்டு நகர்வது வேலையைப் பாதியில் விடுவதுதான்.

சரி, கியூட்டிக்கும் விலை உண்டு. திறக்கச் சில வினாடி கூடுதலாகும், கற்கவும் நாளாகும். பைத்தானின் பிப் நிறுவி வழியாக நிறுவப் போனால் போர்டு தானே கம்பைல் செய்யத் தொடங்கி நெடுநேரம் சுற்றக்கூடும். ஓஎஸ்ஸின் ஆப்ட் நிறுவியில் தயாராக இருப்பதை எடுப்பதே புத்திசாலித்தனம். விற்பதற்குச் செய்கிறீர்கள் என்றால் உரிமத்தையும் பாருங்கள்: பைகியூட்டி ஜிபிஎல் (நிரலின் மூலத்தையும் தர வேண்டிவரும்), பைசைடு எல்ஜிபிஎல் (அவ்வளவு கண்டிப்பில்லை).

பாஸ்கல் மொழியில் ஜன்னல் நிரல் எழுதும் லாசரஸ்? கல்லூரியில் விபி 6 (விஷுவல் பேசிக்) படித்தவர்களுக்குச் சொந்த வீடு மாதிரி இருக்கும், தமிழும் சரியாக வரும். பின்களைத் தொடத்தான் நாமே வழி தேட வேண்டும், கிடைக்கும் உதாரணங்களில் பல பழசு. நான் இதற்குப் போகமாட்டேன்.

நோட்-ரெட் வேறு மாதிரி. திரையே வேண்டாம்; 1880 போர்ட்டில் உலாவியைத் திறந்து கட்டங்களைக் கோடு போட்டு இணைத்தால் போதும், போனிலேயே டாஷ்போர்டு தெரியும். இணையம்கூடத் தேவையில்லை, மனைக்குள் ஒரு வைஃபை இருந்தால் சரி. உலாவியில் ஓடுவதால் தமிழும் பிசகாது. வளர்ப்பவர் வீட்டில் இருந்தபடி பார்க்க விரும்பினால் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் கையில் தழையோடு நிற்பவர் போனை எடுத்துப் பார்க்கமாட்டார். அவருக்குச் சுவரில் திரை வேண்டும், அதற்குக் கியூட்டி. டிகின்டரைப் பள்ளி மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும் ரிலேயைக் கவனியுங்கள். மலிவான ரிலே போர்டுகளில் பல, பின்னின் வோல்ட் தாழ்ந்தால் ஓடுபவை. ஜிபிஐஓ ஜீரோவில் 'ஆக்டிவ் ஹை' என்பதை ஃபால்ஸ் என்று கொடுக்காவிட்டால், கரண்ட் போய் வந்து நிரல் தொடங்கியதும் ஹீட்டர் தானே எரியும். கூடவே ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில், கார்டில் எழுதாமல் நினைவகத்தில் எழுதும் ஓவர்லே கோப்பு முறையையும் போட்டுவிடுங்கள். திடீரென்று கரண்ட் போகும்போது எஸ்டி கார்டு கெடும் அபாயம் வெகுவாகக் குறையும்.