கரோக்கேயில் ஜப்பானிய ஐடல் பாட்டுகள்: வருடக்கணக்கில் பாடிப் பார்த்ததில் தேறியவை

ஐடல் குழு என்றால் ஜப்பானில் ஆடிப் பாடும் இளம் பாடகர் குழு. அவர்கள் பாட்டு என்றாலே குரல் எட்டாது என்று பயப்படுகிறவர்கள் அதிகம். பாடிப் பார்த்தால் சிக்கல் அங்கே இல்லை. இவை பெரும்பாலும் பலர் ஒரே குரலாகச் சேர்ந்து பாடுவதற்காக அமைத்த மெட்டுகள். பேச்சுக் குரலைவிட்டு ரொம்ப தூரம் போகாது. ஆளைக் கவிழ்ப்பது மூச்சுதான். பதிவில் ஒரு வரியை ஒருவரும் அடுத்த வரியை இன்னொருவரும் பாடியிருப்பார்கள். முதல் வரி முடிந்தும் முடியாமலும் அடுத்தது தொடங்கிவிடும். அதே பாட்டுக்குக் கரோக்கே அறையில் ஒற்றை ஆளாக மைக் பிடித்தால் மூச்சு வாங்க இடமே இருக்காது. அதனால் பாட்டைத் தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது, பாடப்போவது எத்தனை பேர் என்பதை.

தனியாகப் பாட மிகவும் கைகொடுப்பது ஏகேபி48 என்ற பெண்கள் குழுவின் '365 நிச்சி நோ காமிஹிகோகி'. 2015இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் காலைத் தொடருக்காக வந்த பாட்டு. கிதார் பின்னணி, நிதானமான நடை, வரிகளுக்கு நடுவே தாராளமான இடைவெளி. அடுத்தது ஸ்மாப் என்ற ஆண்கள் குழுவின் 'செகாய் நி ஹிதொத்சு தாகே நோ ஹானா' (2003). அறையில் எந்த வயதுக்காரர் இருந்தாலும் கூடவே முணுமுணுப்பார். அராஷி என்ற ஆண்கள் குழுவின் பாட்டைப் பாடவேண்டும் என்றால் 2007இல் வந்த 'லவ் ஸோ ஸ்வீட்'டில் தொடங்குங்கள். 1999இல் வந்த அவர்களின் முதல் பாட்டில் ராப் நிறைய. திரையில் எழுத்து நிறம் மாறும் வேகத்துக்குக் கண்ணே ஓடாது, நாக்கு எப்படி ஓடும்?

ஏகேபி48இன் 'ஹெவி ரொட்டேஷன்' (2010) இரண்டு மூன்று பேருக்கான பாட்டு. இதில் மூன்று இடங்களில் தடுமாறுவோம். பாட்டு எடுத்த எடுப்பிலேயே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற கத்தலோடு ஆரம்பிக்கும். முன்னிசைக்காகக் காத்திருந்தால் தொடக்கம் போய்விடும். பொத்தானை அழுத்தும்போதே மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு வரும் இசைத் துண்டில் ரசிகர்கள் 'மிக்ஸ்' என்ற கோஷம் போடுவார்கள்: டைகர், ஃபயர், சைபர், ஃபைபர், டைவர், வைபர், ஜா ஜா. இதை மைக் இல்லாதவர்கள்தான் சொல்லவேண்டும். பாடுகிறவரே கத்தினால் முதல் சரணத்துக்கு மூச்சு மிஞ்சாது. மூன்றாவது, வரிக்கு வரி தாவும் சரணம். ஜப்பானில் சரணத்தின் முதல் பகுதியை 'ஏ மெலோ', அடுத்ததை 'பி மெலோ', நம் பல்லவி போலத் திரும்பத் திரும்ப வருவதை 'ஸாபி' என்பார்கள். அறையில் வழக்கமாக இரண்டு மைக் இருக்கும். ஏ மெலோ ஒருவர், பி மெலோ ஒருவர், ஸாபி எல்லோரும் என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் மூச்சு முட்டாது. தனியாகத்தான் பாடுவேன் என்றால் வரியின் கடைசி அசையை விட்டுவிட்டு மூச்சு வாங்குங்கள். கடைசி அசை போனால் யாரும் கவனிப்பதில்லை. அடுத்த வரி தாமதமானால் எல்லோருக்கும் தெரியும்.

'கோய் சுரு ஃபார்ச்சூன் குக்கி' (2013) டிஸ்கோ நடையில் போகும் பாட்டு. இதைப் போட்டாலே அறையில் பாதிப் பேர் எழுந்து ஆட ஆரம்பிப்பார்கள். பப்பாயா சுசுகி அமைத்த அசைவுகள் அவ்வளவு எளிமை. கம்பெனி ஊழியர்களும் அரசு அலுவலகத்தவரும்கூட ஆடிப் படம் பிடித்துப் போட்டார்கள். கையைச் சுழற்றும்போது மைக்கும் கூடவே போவதால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். ஆடுகிறவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு பேர் சேர்ந்தால் மார்னிங் முசுமேயின் 'லவ் மெஷின்' (1999) தவறவே தவறாது. ஸாபியில் நான்கு 'வாவ்', நான்கு 'யே' வரும். மொழி தெரியாதவருக்கும் வேலை உண்டு. மோமோஇரோ க்ளோவரின் 'இகுஸெ! கைத்தோ ஷோஜோ' (2010) அற்புதமான பாட்டு, ஆனால் மிகக் கடினம். உறுப்பினர் பெயர்களைச் சொல்லும் பகுதி அதில் உண்டு. அப்போது ஆறு பேர். 2011இல் ஒருவரும் 2018இல் இன்னொருவரும் விலகி இப்போது நால்வர். பதிப்புக்குப் பதிப்பு அந்தப் பகுதி மாறும் என்பதால் நீங்கள் கேட்டுப் பழகிய பதிப்புதானா என்று பார்த்துத் தேர்வு செய்யுங்கள். பெர்ஃப்யூமின் 'பாலிரிதம்' (2007) பாட்டில் நடுவே தாளம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அந்த இடத்தில் கைதட்டலை நிறுத்திவிடுங்கள், தட்டினால் எல்லோரும் தொலைந்துபோவோம்.

சுருதிக்கு வருவோம். பெண்கள் குழுவின் பாட்டை எடுக்கும் ஆண்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, உடனே நான்கு படி கீழே இறக்குவது. ஒரு படி என்பது அரைச்சுரம். நான்கு இறக்கியும் ஸாபி உயரத்திலேயே நிற்கும். சரி, ஒரு ஸ்தாயி கீழே பாடலாம் என்றால் சரணம் தொண்டைக்குள் புதைந்துவிடும். மாறாக, ஒரு ஸ்தாயி கீழே பாடுவதென்று முடிவு செய்துகொண்டு சுருதியை மூன்றிலிருந்து ஐந்து படி ஏற்றுங்கள். சரணமும் கேட்கும், ஸாபியும் எட்டும். கேயாகிசாகா46இன் 'சைலன்ட் மெஜாரிட்டி' (2016) போன்ற, தொடக்கமே தாழ்வாக இருக்கும் பாட்டுகளில் இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

ஜப்பானில் பெரும்பாலான கடைகளில் இருப்பது டாம் அல்லது ஜாய்சவுண்ட் கருவி. பாட்டைத் தேடித் தேர்வு செய்யும் தேடுபலகையை டாமில் 'டென்மோகு' என்பார்கள். உட்கார்ந்ததும் இசையின் ஒலியைக் கொஞ்சம் குறைத்து மைக்கை ஏற்றுங்கள். எக்கோவை மிதமாக வையுங்கள். வேகமான ஐடல் பாட்டில் எக்கோ கூடினால் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கூழாகிவிடும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலோ ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பினாலோ கீச்சிடும். மதிப்பெண் போடும் வசதியைக் கூட்டமாகப் பாடும்போது அணைத்துவிடுங்கள். அது பெரும்பாலும் ஒற்றைக் குரலை அளக்கத்தான் இருக்கிறது.

திரையில் 'கஞ்சி' எனப்படும் சீன வழி எழுத்துகளுக்கு மேலே, அவற்றின் ஒலியைக் காட்டும் கானா எழுத்து சின்னதாக ஓடும். கானாவில் இரண்டு வகை: அடிப்படை எழுத்தாக ஹிராகானா 46, கதகானா 46. இந்த இரண்டும் தெரிந்தால் பெரும்பாலான பாட்டுகளை வாசித்துவிடலாம். தமிழில் எழுதி வைத்துப் பாடினால் ககரமும் அதன் ஒலிப்புடை வடிவமும் ஒன்றாகிவிடும். ஜப்பானிய மொழியில் தங்கத்துக்கும் (kin) வெள்ளிக்கும் (gin) தனித்தனிச் சொல், தமிழில் எழுதினால் இரண்டுமே 'கின்'. ஆனால் மாத்திரைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு என்பது அங்கேயும் அப்படியே. வேறுபாடு மெய்யில்தான். நமக்கு மெய் அரை மாத்திரை. அவர்களுக்கு 'ன்' ஒரு முழுத் தட்டு, இரட்டிக்கும் ஒற்றும் ஒரு முழுத் தட்டு. 'கன்பரு' என்ற சொல்லில் க, ன், ப, ரு என்று நான்கு தட்டு. அந்த 'ப'வை நீட்டவே கூடாது. 'ஸுத்தொ'வில் ஸு, த், தொ என்று மூன்று. நம் பழக்கத்தில் 'ன்'னை விழுங்கிவிட்டு அடுத்த அசைக்குத் தாவுவதால்தான் வரி சீக்கிரம் முடிந்து பாட்டு முன்னால் ஓடுகிறது. வீட்டில் தொடையில் தட்டி ஒரு ஸாபியை இப்படிப் பழகிக்கொண்டு போனாலே போதும்.

கட்டணம் பெரும்பாலும் 30 நிமிடக் கணக்கு. நேரம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது சுவரிலிருக்கும் ஃபோன் அடிக்கும். அதற்குப் பிறகு இரண்டு பாட்டு பாடலாம்: முதலில் 'லவ் மெஷின்', குரல் தேய்ந்தபின் '365 நிச்சி'.