லைனும் வாட்ஸ்அப்பும்: டோக்கியோவில் ஒன்பது ஆண்டுகள்

டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் குடியிருக்கும் நான், இங்குள்ளவர்களோடு பேச ‘லைன்’ என்ற செய்திச் செயலியையும் தஞ்சாவூரில் இருக்கும் குடும்பத்தோடு பேச வாட்ஸ்அப்பையும் ஒன்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டும் செய்வது ஏறத்தாழ ஒரே வேலைதான் என்றாலும், ஒன்றில் மரியாதையாகக் கொள்ளப்படுவது மற்றொன்றில் விலகலாகத் தெரிகிறது.

2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானைத் தாக்கின. அப்போது மக்கள் ஒருவரையொருவர் தொடர்புகொள்ள முடியாமல் தவித்ததைக் கண்டு உருவாக்கப்பட்ட லைன், அவ்வாண்டு ஜூனிலேயே வெளிவந்தது. அனுப்பிய செய்தியைப் பெற்றவர் பார்த்ததும் அதன் அருகே ‘கிடோகு’, அதாவது ‘படித்தாயிற்று’ என்ற சொல் தோன்றும். வாட்ஸ்அப்பின் நீலக் குறியை அணைத்து வைப்பதுபோல் இதை அணைத்து வைக்க வழியில்லை. படித்துவிட்டுப் பதில் தராமல் இருப்பதற்கு ‘கிடோகு சுரூ’ என்று தனிப்பெயரே வழங்குகிறது என்பதிலிருந்து, அது எவ்வளவு மனத்தாங்கலுக்கு இடம் தரும் என்பதை உணரலாம். ஆகவே விரிவாக எழுத நேரமில்லாதவர்கள், தலைவணங்கி நிற்கும் கரடி போன்ற ஒரு ‘ஸ்டாம்ப்’ படத்தை அனுப்பி, உரையாடலைப் பணிவோடு முடித்துவைக்கிறார்கள். எனக்கு இந்தப் பழக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. பெரியப்பாவுக்கும் ஒருமுறை அந்தக் கரடியை அனுப்பினேன், “ஏம்ப்பா, ஒரு வார்த்தை பேசக் கூடாதா?” என்று அடுத்த நிமிடமே அழைத்துவிட்டார்.

புகைப்பட விஷயத்தில்தான் நான் உண்மையாகவே தவறு செய்தேன். மகளின் மழலையர் காப்பக விளையாட்டு விழாவில் எடுத்த படத்தை, அதில் வேறு நான்கு குழந்தைகளும் இருந்ததைப் பொருட்படுத்தாமல், இன்ஸ்டாகிராமில் பொதுவில் இட்டேன். அன்றிரவு ஒரு குழந்தையின் தாய், மூன்று முறை மன்னிப்புக் கேட்டபின், தன் மகனின் முகத்தை மட்டும் மறைக்க இயலுமா என்று லைனில் தனியாக எழுதியிருந்தார். கேட்க வேண்டிய மன்னிப்பு என்னுடையது. படத்தை உடனே நீக்கினேன். சுயவிவரப் படமாகக்கூடத் தம் முகத்துக்குப் பதில் பூனையையோ மலையையோ வைத்திருக்கும் நண்பர்கள் பலரை லைனில் அதுவரை பார்த்தும், அதன் பொருளை நான் யோசித்திருக்கவில்லை.

அதே படம் அதற்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வேறு குழுக்களுக்குச் சென்று, நான் அறியாத ஒருவரின் வாழ்த்தோடு திரும்பி வந்திருந்தது. அதில் எவருக்கும் தீய எண்ணம் இல்லை; குழந்தையைப் பார்த்த மகிழ்ச்சியைப் பகிர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மறுநாள் மற்ற குழந்தைகளின் முகங்கள்மீது பூப்படம் ஒட்டி அதை மீண்டும் அனுப்பி, முந்தையதை நீக்கிவிடச் சொன்னேன். அம்மா காரணம் கேட்கவே இல்லை.

“நல்லதுதான்டா, கண்ணு பட்டுடும். நம்ம பாப்பாவுக்கும் ஒரு பூ வச்சு அனுப்பு” என்றார்.